உங்கள் சிற்றூர்த் துப்பறியும் நாவல் எங்கே மக்கர் செய்கிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, கரும்புக்காட்டுப் பக்கத்து ஊர்களில் நடக்கும் நகைச்சுவைத் துப்பறியும் நாவல்களின் கைப்பிரதிகள் எனக்கு விடாமல் வந்துகொண்டிருக்கின்றன. தமிழில் எழுதியவை சில. ஆங்கிலத்தில் எழுதி நடுநடுவே அண்ணா, ஆயா என்று தூவியவை பல. எழுதியவர் யாரானாலும் கோளாறுகள் அதேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். உங்களிடம் என்ன குறை சொன்னார்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரியில் முடிகிற திருத்தம் முதலில் வரும், அத்தியாயத்தையே கிழித்துப் போடுகிற திருத்தம் கடைசியில். முதலாவது பலித்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம். டோங்காட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் பூசை. கோவில் கமிட்டிப் பொருளாளர் சமையற்கட்டில் இறந்து கிடக்கிறார். அங்கே கரண்டிகளை எண்ணி வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி நூலகர். ஊரே ஆயா என்று கூப்பிடும் அந்த அம்மாதான் துப்பறிகிறார்.

அறிகுறி: பாதியிலேயே "இவன்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள்

சோதனை எளிது. கதை தெரியாத மூன்று பேரிடம் முதல் பாதியை மட்டும் கொடுங்கள். யார்மேல் சந்தேகம், அது எந்த இடத்தில் வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள் வேண்டாம். சாப்பிடும்போது நீங்களே உளறியிருப்பீர்கள்.

*மூவரும் ஒரே பக்கத்தில் குறித்தால்:* ஆளில் கோளாறு இல்லை, துப்பு பளிச்சென்று நிற்கிறது. அது பத்தியின் கடைசி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பத்திக்கு நடுவே, நான்கு பொருள்களுக்கு இடையில் மூன்றாவதாக நகர்த்துங்கள். "விசித்திரமாக இருந்தது", "ஏதோ உறுத்தியது" என்ற வரிகளை அடித்துவிடுங்கள்.

அது போதாவிட்டால் துப்பைச் சிரிப்புக்குள் ஒளியுங்கள். நகைச்சுவை நாவலுக்குக் கிடைத்த சலுகை இது. சிரித்துவிட்ட வரியை வாசகர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பிரதியில் இப்படி இருந்தது என்று வையுங்கள்:

"பொருளாளரின் இடுப்பில் சாவிக்கொத்து இல்லாததை ஆயா கவனித்தார். அது அவருக்கு விநோதமாகப் பட்டது."

இதை அப்படியே தூக்கிவிட்டு, கொலைக்கு முன்னால், பிரசாத வரிசையில் நிற்கும் பொருளாளரின் மனைவி வாயில் கொடுங்கள்:

"நாப்பது வருஷமா மனுஷன் வர்றதுக்கு முந்தி சாவிச் சத்தம் வந்துடும். நானும் அதுக்குள்ள போனைக் கீழே வெச்சுட்டு ரொட்டி போடற மாதிரி நிப்பேன். இன்னைக்குன்னு பார்த்து ஓசையே இல்லாம பின்னாடி வந்து நிக்கறாரு. கையில இருந்த சில்லி பைட்ஸ் எல்லாம் தரையில!"

சாவி அன்று காலையிலேயே கைமாறிவிட்டது என்பது வாசகருக்கு நேர்மையாகச் சொல்லப்பட்டுவிட்டது. அவர் நினைவில் நிற்பதோ தரையில் விழுந்த சில்லி பைட்ஸ் பக்கோடா.

*ஒரே ஆளை வேறு வேறு பக்கங்களில் குறித்தால்:* அந்த ஆளுக்குக் கதையில் வேறு வேலை இல்லை. கொலை செய்யவே வந்திருக்கிறார். அவருக்கு ஒரு தினசரிக் கவலை கொடுங்கள். மகளின் மெட்ரிக் (பள்ளி இறுதி) பரீட்சையோ, ஸ்டார்ட் ஆகாத பக்கி (சின்னச் சரக்கு) வண்டியோ, மாமரத்துக் குரங்குகளோ எதுவானாலும் சரி. அந்தக் கவலையோடு அவர் மூன்று காட்சியிலாவது வந்து போகட்டும்.

*பிணம் விழுவதற்கு முன்பே குறித்துவிட்டால்:* இதுதான் செலவு பிடிக்கும் கோளாறு. கதையில் கெட்டவர் ஒருவர்தான் இருக்கிறார், மற்ற எல்லோரும் நல்லவர்கள். நடுப்பகுதி பற்றிய தலைப்புக்குப் போங்கள். மருந்து அங்கே இருக்கிறது.

அறிகுறி: "போலீசுக்குச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்கிறார்கள்

அமெச்சூர் துப்பறிபவர் வரும் எந்தக் கதைக்கும் இந்தக் கேள்வி வரும். தென்னாப்பிரிக்காவில் கூடுதலாக வரும், ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் போலீஸ் அனுபவம் ஒன்று கைவசம் இருக்கிறது.

முதலில், ஆயா போலீசிடம் போனதாக எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். போனார், சொன்னார், போனில் வழக்கு எண் குறுஞ்செய்தியாக வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நம் ஊர் வாசகருக்கு இது போதும். தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

இருந்தும் கேள்வி நிற்கிறதா? அப்படியானால் சாவு எப்படிப் பதிவானது என்று பாருங்கள். இங்கேதான் பல கைப்பிரதிகள் இரண்டு படகில் கால் வைக்கின்றன. வழி இரண்டுதான்:

மருத்துவர் இயற்கைச் சாவு என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் உடல் வீட்டுக்கு வரும், மறுநாளே தகனம்கூட முடிந்துவிடும். உடலில் இருந்த சான்று அத்தனையும் போச்சு. ஆயாவுக்கு மிஞ்சுவது ரசீதுப் புத்தகம், பாத்திரம், பண்டம், அக்கம்பக்கத்து வாய். நகைச்சுவைக் கதைக்கு இதுவே வசதி. பதினாறாம் நாள் காரியத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று ஒரு கெடுவும் தானாகக் கிடைக்கிறது, அன்று சந்தேகப்பட வேண்டிய எல்லோரும் ஒரே வீட்டில் சாப்பிட உட்காருவார்கள்.

மருத்துவர் கையெழுத்துப் போட மறுத்தால் வழி வேறு. உடல் அரசுப் பிணவறைக்குப் போகும், பிரேதப் பரிசோதனை நடக்கும், போலீஸ் கோப்பு திறக்கும். 1959-ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி அந்தக் கோப்பு அரசு வழக்கறிஞரிடமும், யார்மேலும் வழக்குப் போடவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடமும் போகும். இந்த வழியில் போனால் இன்ஸ்பெக்டர் ஒருவர் கதைக்குள் வந்தே ஆக வேண்டும். விஷப் பரிசோதனை முடிவு இரண்டே நாளில் வந்தது என்று எழுதாதீர்கள். அரசு ஆய்வகங்களில் மாதிரிகள் தேங்கிக் கிடப்பது இங்கே பத்திரிகைச் செய்தி. ஆயா கண்டுபிடித்து, வழக்கு முடிந்து, அதற்கப்புறம் ஒரு நாள் அந்த முடிவு வந்து சேர்வதாக வைத்தால் கடைசி அத்தியாயத்துக்கு நல்ல சிரிப்பு.

மூன்றாவது காரணம், போலீஸ்காரரை முட்டாளாக்கி வைத்திருப்பது. ஒரு காட்சிக்கு மேல் அது சிரிப்பைத் தராது. அவரை வேலை மிகுந்தவராக்குங்கள். மேசைமேல் இருக்கும் கோப்புகளின் உயரத்தைக் காட்டுங்கள், மொழி தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஆயாவையே கேட்க வேண்டியிருப்பதைக் காட்டுங்கள்.

இன்னும் சில தவறுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்து ஜூரிகளை உட்கார வைக்கிறார்கள். இந்த நாட்டில் ஜூரி முறை 1969-லேயே போய்விட்டது. தூக்குத் தண்டனை என்று மிரட்டுகிறார்கள். அரசியல் சாசன நீதிமன்றம் 1995-இல் அதை ஒழித்துவிட்டது. கைது செய்தவரை ஒரு வாரம் ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் (வாரக்கடைசி குறுக்கிட்டால் அடுத்த வேலை நாள்).

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* கதையின் முடிவு ஒரு சட்ட நுணுக்கத்திலோ ஒரு மருந்தின் அளவிலோ தொங்கினால் ஊகிக்காதீர்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு மருந்தாளர், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர், இந்த மூவரில் ஒருவராவது உங்கள் சொந்தத்தில் நிச்சயம் இருப்பார். முழுக் கைப்பிரதியைத் தலையில் கட்டாமல், கேள்வியை மூன்று வரியில் எழுதி அனுப்புங்கள். பதில் அன்றே வரும், கூடவே நீங்கள் கேட்காத நான்கு கதைகளும் வரும். அவற்றையும் குறித்து வையுங்கள்.

அறிகுறி: நடுப்பகுதி நகரவே இல்லை

சோதனை: பிணத்துக்குப் பிறகு வரும் காட்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் எங்கே நடக்கிறது என்று எழுதுங்கள். "வரவேற்பறை, டீ" என்று தொடர்ச்சியாக மூன்று வந்தால் பாதி நோய் அதுதான். பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுங்கள். சாட்சி ஆட்டுக்குக் குழை ஒடிக்கட்டும், ஹாலில் நாற்காலி அடுக்கட்டும், அடையாள அட்டைக்காக உள்துறை அலுவலக வரிசையில் நிற்கட்டும். கையில் வேலை இருப்பவர் பொய் சொல்லும்போது வேலை தடுமாறும்; ஆயா அதைப் பார்க்கலாம்.

அடுத்த காரணம் கொஞ்சம் ஆழமானது. சாட்சிகள் எல்லோரும் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். தெரிந்தவர் சொல்கிறார், தெரியாதவர் தெரியாது என்கிறார். சிற்றூரில் அப்படி நடக்காது. சிற்றூரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யார் எதை யாரிடம் சொல்லவில்லை என்பதில்தான் கதை இருக்கிறது. மறைப்பதோ பெரும்பாலும் கொலையை அல்ல, அதைவிடச் சின்ன ஒரு வெட்கத்தை.

நம் உதாரணத்தில் பாருங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், அரசு விடுமுறை, ஊரெங்கும் பிரை அடுப்பு, அதாவது கறி சுடும் அடுப்பு. அது புரட்டாசிக்குள் விழுகிறது; கொலை நடந்த சனிக்கிழமையும் அதுவே என்று வையுங்கள். கமிட்டிச் செயலாளர் அன்று மாலை எங்கே இருந்தார் என்று ஆயா கேட்கிறார். "வீட்டில், விளக்குக்கு முன்னால்" என்கிறார். பொய். நண்பர் வீட்டுக் கொல்லையில் ஆட்டிறைச்சி தின்றுகொண்டிருந்தார். கொலைப்பழி வந்தாலும் வரட்டும், புரட்டாசியில் கறி தின்றது மட்டும் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று அவர் நாற்பது பக்கம் உறுதியாக நிற்பார். அதற்குள் ஆயா அவர் சட்டையில் இருக்கும் மஞ்சள் கறையை வைத்து ஒரு முழுத் தவறான முடிவுக்கு வந்துவிடலாம். பொய்த் தடம் வேண்டுமென்று வெளியூரிலிருந்து மர்ம மனிதரைக் கொண்டுவர வேண்டாம். ஒரு குவார்ட்டர் மட்டன் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றியது) போதும்.

ஆகவே ஒவ்வொரு சந்தேக ஆளுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: எதை மறைக்கிறார், யாரிடமிருந்து மறைக்கிறார். இரண்டாவது கட்டத்தில் எல்லோருக்கும் "போலீசிடமிருந்து" என்று வந்தால் மறுபடி யோசியுங்கள். மாமியாரிடமிருந்து, கமிட்டியிடமிருந்து, மெல்போர்னில் இருக்கும் மகனிடமிருந்து என்று வர வேண்டும்.

நடுவில் தொய்ந்தால் இரண்டாவது கொலையைப் போடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது கடைசி வழி, விலையும் அதிகம். இரண்டாவது பிணம் விழுந்தபின் ஊர் சிரிக்காது. வாசகரும் சிரிக்கத் தயங்குவார். வேறு வழியே இல்லையென்றால் கொலையை விட்டுத் திருட்டு ஒன்றைப் போடுங்கள். உண்டியல் காணாமல் போனாலும் ஊர் இதே அளவுக்குக் கலங்கும்.

அறிகுறி: சிரிப்பு வரவில்லை

*எங்குமே வரவில்லை என்றால்:* கதைசொல்லி ஜோக் அடிக்கிறார், பாத்திரங்கள் காத்திருக்கிறார்கள். கதைசொல்லியின் ஜோக்குகளைச் சிவப்பில் கோடிட்டு, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒருமுறை படியுங்கள். மிஞ்சியதில் சிரிப்பு இருக்கிறதா? பெரும்பாலும் முன்பைவிட அதிகம் இருக்கும். ஆயாவுக்குத் தான் வேடிக்கையானவர் என்று தெரியவே கூடாது. அவருக்குக் கரண்டி முக்கியம்:

"ஆயா, இது குற்றம் நடந்த இடம். தொடாதீங்க, வீட்டுக்குப் போங்க."

"போறேன் தம்பி. பதினோரு கரண்டிதான் இருக்கு."

"என்னது?"

"பன்னெண்டு கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. செத்துட்டா கணக்கு இல்லைன்னு ஆயிடுமா?"

பன்னிரண்டாவது கரண்டி கொலை ஆயுதமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆயாவைப் பொறுத்தவரை அது கோவில் சொத்து.

*பிணம் விழுந்ததும் சிரிப்பு நின்றுவிட்டால்:* இறந்தவரை வாசகருக்கு மிகவும் பிடித்துப்போயிருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும் குணம் சேருங்கள். ரசீது இல்லாமல் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதவர் என்று ஒரு வரி. துக்கத்தைக் கேலி செய்யாதீர்கள். துக்க வீட்டில் நாற்காலிக்கும் டீக்கும் நடக்கும் ஏற்பாட்டைத் தாராளமாகக் கேலி செய்யலாம்.

*தவறான இடத்தில் சிரித்தால், அல்லது முகம் சுளித்தால்:* யாருடைய உச்சரிப்பையாவது கிண்டலடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜூலு பேசும் காவலாளியையோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையோ கொச்சையாகப் பேசவிட்டு வாங்கும் சிரிப்பு மலிவானது, அதோடு கதைக்கும் நஷ்டம். அந்த அம்மாவுக்கு மூன்று வீட்டு ரகசியம் தெரியும், ஆயாவைவிட நன்றாகவே தெரியும். அவரைச் சாட்சியாக்குங்கள், முடிந்தால் கூட்டாளியாக்குங்கள்.

அறிகுறி: ஊர்க்காரர்கள் நம்பவில்லை

இது பெரும்பாலும் நாள்காட்டிக் கோளாறு, ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

டிசம்பரில் பனி மூட்டம், மார்கழிக் குளிர் என்று கை தானாக எழுதிவிடும். இங்கே அது புழுக்கமும் மழையும் உள்ள கோடை. காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஜூனில் மாலை 5 மணி தாண்டினால் சூரியன் இறங்கிவிடும். ஆறரை மணிக்கு "அந்தி வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி ஜூனில் சொன்னால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம். வேண்டுமென்றே வைத்தால் நல்ல துப்பு, தெரியாமல் வைத்தால் அவமானம்.

கரும்புச் சாம்பல்: வெட்டுக்கு முன் தோட்டத்தைக் கொளுத்தும்போது கறுப்புத் துகள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் விழும். ஆலைகள் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரைதான் ஓடும். பிப்ரவரியில் வேட்டியில் சாம்பல் கண்டால் அது கரும்புச் சாம்பல் இல்லை. நம் கதை புரட்டாசியில் நடப்பதால் தப்பித்தோம். காலையில் துவைத்துப் போட்டேன் என்கிறவரின் வேட்டியில் சாம்பல் இல்லையென்றால் ஆயா கேள்வி கேட்கலாம்.

மின்வெட்டு: 2022, 2023-இல் கதை நடந்தால் லோட்ஷெடிங் இல்லாமல் எழுத முடியாது. 2024 மார்ச் இறுதிக்குப் பின் பல மாதங்கள் வெட்டே இல்லை. அந்தக் காலத்தில் கேமரா அணைந்ததென்றால் வேறு காரணம் வேண்டும். அட்டவணை எல்லோர் போனிலும் இருந்தது என்பதையும் மறக்காதீர்கள். "இருட்டைப் பயன்படுத்திக்கொண்டான்" என்றால் முன்கூட்டியே திட்டமிட்டான் என்றுதான் ஆகிறது.

டர்பனிலிருந்து வருகிறவர் என்-2 நெடுஞ்சாலையில் வந்தால் டோங்காட் சுங்கச்சாவடி இருக்கிறது, கட்டணம் கட்ட மனமில்லாதவர் பழைய ஆர்-102 சாலையில் வருவார். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஒருவர் அன்று மட்டும் சுங்கம் கட்டினாரென்றால் அவசரம் என்ன என்று ஊரே கேட்கும். பெரிய வெள்ளியன்று ஊர்க்கோவிலில் கூட்டம் காட்டினால் நம்ப மாட்டார்கள். பாதி ஊர் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோவில் திருவிழாவில் நிற்கும்.

அறிகுறி: யார் யார் என்று குழம்புகிறது

பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். மூன்று கோவிந்தர், இரண்டு நாயுடு, ஒரு பிள்ளை, ஒரு மூட்லி. உண்மையில் அப்படித்தான் இருக்கும், ஆனால் வாசகர் தாங்க மாட்டார். ஊர் என்ன செய்கிறதோ அதையே செய்யுங்கள், பட்டப்பெயர் வையுங்கள். முறைப் பெயர்களில் ஒரு சின்னச் சோதனை: கதையில் "மாமா" என்று எத்தனை பேர் அழைக்கப்படுகிறார்கள்? இரண்டுக்கு மேல் போனால் குறையுங்கள். அல்லது அந்தக் குழப்பத்தையே பயன்படுத்துங்கள்: சமையற்கட்டிலிருந்து "மாமாதான் வெளியே போனாரு" என்று ஒரு குழந்தை சொல்கிறது. எந்த மாமா?

அறிகுறி: கடைசிப் பக்கத்தில் "ம்" என்று மட்டும் சொல்கிறார்கள்

ஆயா விளக்கம் சொல்லும் அத்தியாயத்தை எடுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், அது முன்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று எழுதுங்கள். பக்க எண் இல்லாத காரணம் வாசகரை ஏமாற்றிய காரணம். முன்னால் போய் நட்டுவிட்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் எண் இருந்தும் சுவை இல்லையென்றால், கொலைகாரர் தானாகவே நான்கு பக்கம் ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்கிறாரா என்று பாருங்கள். அதை வெட்டி, மற்ற ஆட்கள் குறுக்கே பேசவிடுங்கள். கமிட்டிக் கூட்டத்தில் யாரும் ஒருவரை முடிக்கவிடுவதில்லை. கொலையாளி வெளிப்பட்ட பிறகும் சென்ற கூட்டக் குறிப்பை யார் முன்மொழிவது என்று ஒருவர் கேட்க வேண்டும்.

இதற்கும் அசையாவிட்டால் நோக்கம் வெறும் பணமாக இருக்கும். அது கடைசித் திருத்தம், பின்னாலிருந்து முன்னால்வரை எல்லாவற்றையும் தொடும். பணம் இருக்கட்டும், ஆனால் எதை மறைக்க அந்தப் பணம் தேவைப்பட்டது என்று கேளுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* இரண்டு சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகும் புதிய வாசகர்கள் அதே பக்கத்தில் கைப்பிரதியைக் கீழே வைத்தால், காசு கொடுத்து ஓர் எடிட்டரிடம் போங்கள். துப்பறியும் கதை பழக்கப்பட்டவராகப் பாருங்கள். இலக்கணம் மட்டும் திருத்துகிறவர் இதற்கு உதவ மாட்டார். பக்க எண் போட்ட காரணப் பட்டியலையும், யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்ற பட்டியலையும் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். கதையை ஒருமுறை முழுக்கப் படித்து முடித்த பிறகே உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். அனுப்பும் கடிதத்தில் கொலைகாரர் பெயரை எழுதிவிடாதீர்கள். நிறையப் பேர் எழுதிவிடுகிறார்கள்.